ஏற்காடு ஏறுபவர்களுக்கு: கீட்டோன் பொடி வாங்குமுன்

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். சேர்வராயன் மலையில் சைக்கிள் மிதித்துப் பழகுகிறீர்களா? ‘கொழுப்பை எரிக்கும்’ என்ற விளம்பரத்தை நம்பிக் கீட்டோன் பொடிக்குப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில், உடல் செய்யும் கீட்டோனையும் நாம் குடிக்கும் கீட்டோனையும் பிரித்துப் பாருங்கள். பட்டினி கிடந்தாலோ மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தாலோ இன்சுலின் இறங்கும். தேங்கிய கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் அதைக் கீட்டோனாக்கி மூளைக்கும் தசைக்கும் அனுப்பும். பொடியைக் குடித்தாலும் இரத்தத்தில் கீட்டோன் ஏறும். ஆனால் அது உங்கள் தொப்பையிலிருந்து வந்ததல்ல. இன்னொன்றும் நடக்கிறது: இரத்தத்தில் கீட்டோன் ஏறியதும், கொழுப்புத் திசு தன் கொழுப்பை வெளியே விடுவதைக் குறைத்துக்கொள்கிறது. எடை குறைக்க நினைப்பவருக்கு இது நேர் எதிரான வேலை. கீட்டோன் மீட்டரில் எண் கூடியதைப் பார்த்து மகிழ வேண்டாம்.

அடுத்து லேபிள். உப்பு வகையா, எஸ்டர் வகையா என்று பாருங்கள். உப்பு வகை என்றால் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள்; உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதோடு விட்டுவிடலாம். உப்பு வகையில் இரத்தக் கீட்டோன் பெரும்பாலும் லிட்டருக்கு 1 மில்லிமோலைத் தாண்டாது. எஸ்டர் வகை 3 வரை ஏற்றும். கசப்பும் விலையும் மிக அதிகம். தேங்காய் எண்ணெய் குடித்தால் போதும் என்பார்கள். அதில் மிகுதியாக இருக்கும் லாரிக் அமிலம் கீட்டோனை அதிகம் தராது.

அப்படியும் குடித்துப் பார்க்க விரும்பினால் ஓய்வு நாளில், வீட்டில், பாதி அளவில் தொடங்குங்கள். வயிற்றைக் கலக்கும், மலைப்பாதையில் அந்த அவஸ்தை வேண்டாம். அளக்க விரல் நுனி இரத்தமே சரி. சிறுநீர்ப் பட்டை காட்டுவது வேறொரு கீட்டோனை.

ஏற்றத்துக்கு உதவுமா? ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. 2016இல் வந்த ஓர் ஆய்வில் எஸ்டர் குடித்த சைக்கிள் வீரர்கள் அரை மணி நேரத்தில் சுமார் 2 சதவீதம் கூடுதல் தூரம் போனார்கள். 2017இல் வேறொரு வகை எஸ்டரைக் குடித்த தேர்ந்த வீரர்கள் 2 சதவீதம் பின்தங்கினார்கள், வயிற்று உபாதையோடு. செங்குத்தான ஏற்றத்தில் மிதிக்கும்போது தசை கேட்பது மாவுச்சத்திலிருந்து சேமித்த கிளைக்கோஜனை. முந்தின இரவு வயிறார இட்லி, புறப்படுமுன் வாழைப்பழம், வழியில் கடலை மிட்டாய், தண்ணீர். என் பரிந்துரை இதுதான்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கீட்டோன் பானம் இரத்தச் சர்க்கரையை இறக்கும். இன்சுலின் போட்டுக்கொண்டு ஏறுபவருக்கு நடுவழியில் தாழ்சர்க்கரை வரலாம். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்தப் பொடியைத் தொடவே வேண்டாம். இவர்களுக்குச் சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேகூட இரத்தம் அமிலமாகிவிடலாம். குமட்டல், வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குவது ஆகியவை அதன் அறிகுறிகள்; மலையேறும்போது அவற்றைக் களைப்பு என்றே நினைத்துவிடுவோம். இந்த அறிகுறிகள் தோன்றினால் ஏறுவதை நிறுத்தி, வண்டி பிடித்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.