பிறந்த நாடு எது?

ஒரு பொருளின் விலையை நிர்ணயிப்பவை அதன் தரமும் உழைப்பும் மட்டுமல்ல. அது பிறந்த இடத்தின் பெயரும் ஆகும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவிற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் அறிவோம். பெயருக்கு மதிப்பு உள்ள இடத்தில் பொய்யும் நுழைந்துவிடுகிறது.

சீனாவில் டாவின்சி என்னும் நிறுவனம் இத்தாலியில் செய்தவை என்று விற்ற மரச்சாமான்களுள் சில, அந்நாட்டு டோங்குவான் நகரிலேயே செய்யப்பட்டவை என்று 2011 ஜூலையில் சீன மத்தியத் தொலைக்காட்சி செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. வாங்கியவர்களோ கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு இறுதியில் ஷாங்காய் அதிகாரிகள் அந்நிறுவனத்திற்கு 13 இலட்சத்து 30 ஆயிரம் யுவான் அபராதம் விதித்தனர்.

நம் பக்கத்தில் இத்தாலிக்குரிய மதிப்பு பர்மாவிற்கு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த எங்கள் திருவண்ணாமலையில், என் அக்காளின் திருமணச் சீருக்கு வாங்கிய கட்டிலும் 'பர்மாத் தேக்கு' என்றே விற்கப்பட்டது. பில்லில் இருந்ததோ 'மரக்கட்டில் 1' என்பது மட்டுமே. கையெழுத்திட மட்டுமே கற்ற என் தந்தையார் கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பினார். பின்னர் ஐயம் எழுந்து கேட்டபோது, "பர்மா என்று நான் எப்போது சொன்னேன்?" என்றார் அவர். சம்பந்தி வீட்டில் பேச்சு வரும் என்று அஞ்சித் தந்தையார் மேலே செல்லவில்லை.

தாவரவியல் இதற்கு விடை கூறுமா? மரத்துண்டின் குறுக்குச் சீவலை நுண்ணோக்கியில் நோக்கினால், தேக்கில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசையாக அமைந்திருக்கும். ரப்பர் மரத்தில் துளைகள் எங்கும் பரவியிருக்கும். ஆகவே தேக்கா, அன்றா என்று கூறிவிடலாம். ஆனால் பர்மாத் தேக்கும் நிலம்பூர்த் தேக்கும் ஒரே இனம். பிறந்த நாட்டை நம் ஆய்வகத்து நுண்ணோக்கி காட்டாது. அதைக் காட்ட வேண்டியது பில்தான்.

சட்டம் நம் பக்கம் உள்ளது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் தரம் பற்றி வாய்மொழியாகப் பொய் கூறுவதும், பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகமே. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 5 இலட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. விருதுநகர் மாவட்டத்திற்குரிய அந்த ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே உள்ளது. ஆயினும் வாய்ச்சொல்லை மெய்ப்பிப்பது அரிது.

எனவே நண்பர்களே, மரத்தின் பெயரையும் அது வந்த நாட்டையும் பில்லில் எழுதித் தரும்படி கேட்போம். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதிருப்போம். நம்மில் பலர் வீட்டில் பில்லைப் படிக்கத் தெரிந்த முதல் தலைமுறையினர். பெற்றோர் கடைக்குச் செல்லும் நாளில் நாமும் உடன் செல்வோமாக!