சேலை உடுத்திய சினம்: 'காஞ்சனா' படங்கள்

ராகவா லாரன்ஸ் 2007இல் 'முனி'யை இயக்கி நடித்தார். பேய்க்கு நடுங்கும் கதாநாயகன். அவன் உடலிலேயே பேய் புகுகிறது. இதே அடிப்படையில் 2011இல் 'காஞ்சனா', பின் 2015, 2019 ஆண்டுகளில் அடுத்த பாகங்கள். தெலுங்கிலும் வந்ததால், நம் பிள்ளைகளில் சிலர் இவற்றைத் தெலுங்குப் படங்களாகவே அறிவர்.

இவற்றுள் சிறந்தது 'காஞ்சனா' என்பேன். அதில் ஆவியாக வருபவர் ஒரு திருநங்கை. வளர்ப்பு மகளை மருத்துவராக்கி, மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொலையுண்டவர். சரத்குமார் அப்பாத்திரத்தைக் கண்ணியமாக நடித்தார். திருநங்கையரைப் பெரும்பாலும் கேலிக்கே பயன்படுத்திய தமிழ்த் திரைக்கு இது புதிது. படத்தின் முற்பகுதியில் அந்தப் பழைய கேலி எட்டிப் பார்ப்பதும் உண்மையே.

பேய் புகுந்த நாயகன் சேலையுடுத்திப் பழிதீர்ப்பது பிற ஊராருக்கு விந்தையாகலாம், திருப்பதிவாசிகளுக்கு அன்று. பெண்களைச் சீரழித்த பாளையக்காரனைக் கங்கம்மா மாறுவேடங்களில் தேடி வதைத்தாள் என்பது இங்குள்ள ஐதிகம். தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையில் ஆடவர் சேலையும் நகையும் பூண்டு நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். லாரன்ஸ் இதைப் பார்த்துத்தான் எடுத்தார் என்று சொல்ல வரவில்லை. கெடுத்தவனைத் தண்டிக்க ஆணுடல் பெண்கோலம் கொள்வது நமக்குப் பழகிய காட்சி, அவ்வளவே.

2020இல் லாரன்ஸ் இதையே இந்தியில் 'லட்சுமி'யாக எடுத்தார். அதில் நாயகன் அக்ஷய் குமார் பேயை நம்பாத பகுத்தறிவாளர். பயந்து அம்மா கோவை சரளாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும் மகன் இல்லை. பாதிச் சுவையும் இல்லை.