கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிலந்தி

வீட்டுச் சுவரில் சிலந்தி ஒன்று தென்பட்டால் நாம் துடைப்பத்தைத் தேடுகிறோம். ஆயினும், உள்ளங்கையளவு பருத்த சிலந்தியைப் பொருள் கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் இட்டு, ஆண்டுக்கணக்கில் பேணுவோரும் உலகில் உள்ளனர். அவர்கள் வளர்ப்பது டாரன்டுலா என்னும் வகை. உடல் முழுதும் மயிர் அடர்ந்த இச்சிலந்தி, வட்டவலை கட்டி இரைக்குக் காத்திருப்பதில்லை. மண்வளையிலோ மரப்பொந்திலோ பதுங்கியிருந்து பாய்ந்து பிடிக்கும். திருவானைக்காவில் இறைவன்மீது சருகு விழாதவாறு வலைப்பந்தல் இட்ட சிலந்தியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பந்தல் இடாத சிலந்தி சற்றே புதுமைதான்.

இதனை வளர்ப்பது எளிது என்பர். அஃது ஓரளவே உண்மை. ஈரம் தாங்கும் மண் அல்லது தென்னைநார்த் தூள், பதுங்குவதற்கு ஒரு மரப்பட்டை, ஆழமில்லாத நீர்க்கிண்ணம் ஆகியவை பெட்டியில் இருத்தல் வேண்டும். சுவர்க்கோழியும் கரப்பானும் இதன் உணவு. மரத்தில் வாழும் இனத்திற்கு உயரமான பெட்டி தேவை. தரையில் வளை தோண்டும் இனத்திற்கோ உயரம் குறைந்த பெட்டியே ஏற்றது. ஏனெனில் பருத்த வயிறுடைய அச்சிலந்தி சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு வெடித்து இறக்கக்கூடும்.

வளர்ப்போரை மிகவும் அஞ்சவைப்பது தோலுரிக்கும் காலம். அப்போது சிலந்தி உணவை மறுக்கும். பின்னர் ஒருநாள் மல்லாந்து, கால்களை மேலே விரித்துக் கிடக்கும். அறியாதவர் அதனை இறந்ததாகவே எண்ணுவர். உண்மையில் இறந்த சிலந்தி கால்களை வயிற்றின்கீழ் மடக்கிக் கிடக்கும். மல்லாந்து கிடப்பது பழைய தோலைக் கழற்றும் சிலந்தி. சில மணி நேரத்தில் புதிய உடலோடு அது வெளிவரும். அவ்வுடல் மிக மென்மையானது. உண்ணாமல் விட்ட சுவர்க்கோழி ஒன்று பெட்டியில் இருந்தால், அது சிலந்தியையே கடித்துத் தின்றுவிடும். ஆகவே அந்நாள்களில் இரையை அகற்றிவிட வேண்டும். சிலந்தியைத் தொடவும் கூடாது.

மற்ற நாள்களில் தொடலாமா? தொடுவதால் சிலந்திக்கு இன்பம் இல்லை. நாயைப்போல் அது நம்மை அறிந்துகொள்வதும் இல்லை. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பல இனங்கள் அஞ்சினால் பின்கால்களால் வயிற்று மயிரை உதறும். அம்மயிர் தோலில் அரிப்பையும் கண்ணில் பெருந்துன்பத்தையும் உண்டாக்கும். இந்திய இனங்களுக்கு அம்மயிர் இல்லை. ஆனால் அவற்றுள் சில கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் நாள்கணக்கில் நீடிக்கும். மேலும், பெண் சிலந்தி இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். ஏழாம் வகுப்பில் நீங்கள் வாங்கும் சிலந்தி, நீங்கள் பணிக்குச் சென்ற பின்னும் அதே பெட்டியில் இருக்கும்!

இச்சிலந்திகள் எங்கிருந்து வருகின்றன? 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், போலந்து நாட்டிலிருந்து சென்னைக்கு வந்த அஞ்சல் பொதி ஒன்றைச் சுங்கத் துறையினர் பிரித்துப் பார்த்தனர். அருப்புக்கோட்டைக்கு அனுப்பப்பட்ட பொதி அது. வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு குப்பிகள் அதில் இருந்தன. ஒவ்வொன்றினுள்ளும் உயிருள்ள ஒரு சிலந்தி! அவை மெக்சிகோ, நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய பகுதிகளுக்குரிய டாரன்டுலா வகைகள் என வல்லுநர் கண்டறிந்தனர். உரிய இறக்குமதி உரிமமும் நலச்சான்றும் இல்லாமையால், பொதி போலந்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது. யாரோ ஒருவரின் ஆசைக்காக அச்சிற்றுயிர்கள் குப்பிக்குள் கடல் கடந்து வந்தன.

நம் நாட்டுச் சிலந்திகளையும் வெளிநாட்டார் விரும்புகின்றனர். ஆந்திர மாநிலத்துக் குத்தி என்னும் ஊரின் பெயரால் வழங்கும் நீலச்சிலந்தி, 1899இல் அவ்வூர் இரயில்வே மரக்கிடங்கில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் 2001இல்தான் காட்டில் மீண்டும் காணப்பட்டது. இன்று அதன் குஞ்சுகள் பல நாடுகளில் விற்கப்படுகின்றன. அதன் சொந்தக் காடோ சுருங்கிவருகிறது.

உங்களுள் சிலருடைய பாட்டனாரின் ஊர் இராமநாதபுரம் பக்கமாக இருக்கலாம். அங்கே, இராமேசுவரத் தீவின் பழைய புளியமரப் பொந்துகளில் ஒரு டாரன்டுலா வாழ்கிறது. அங்குள்ள அனுமன் கோயில் ஒன்றின் பெயரை 2004இல் அதற்குச் சூட்டினர். பின்னர் இலங்கையின் மன்னாரிலும் அது காணப்பட்டது. மிகவும் அருகிவரும் உயிரினங்களுள் அதுவும் ஒன்று. முதிய மரம் ஒன்றை வெட்டினால் அதன் வீடும் வீழ்கிறது.

இனி நம் அந்தமானுக்கு வருவோம். ராஸ் தீவில் புள்ளிமான்களைக் கண்டிருப்பீர்கள். அவை இத்தீவுகளுக்கு உரியன அல்ல; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்தவை. அவற்றைக் கொல்லப் புலி இங்கு இல்லாமையால் அவை பெருகி, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து வருகின்றன. தோட்டங்களில் பயிரைத் தின்னும் பெரிய ஆப்பிரிக்க நத்தையும் வெளியிலிருந்து வந்ததே. இவற்றை இன்றுவரை முற்றிலும் அகற்ற முடியவில்லை. டாரன்டுலாவோ ஒரே முட்டைப்பையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடவல்லது. போர்ட் பிளேரில் ஒரு வீட்டின் பெட்டி மூடி சரியாகப் பொருந்தாமல் போனால், அதன்பின் நிகழ்வதை எண்ணிப் பாருங்கள்.

சொற்பொருள்: பேணுதல் – காத்து வளர்த்தல், பொந்து – மரத்திலுள்ள துளை, பொதி – கட்டு, மூட்டை, திங்கள் – மாதம்.

பயிற்சி

1. மல்லாந்து கிடக்கும் சிலந்தியைக் கண்டால் வளர்ப்பவர் என்ன செய்ய வேண்டும்? ஏன்?
2. ‘அஃது ஓரளவே உண்மை’ – இங்கு ‘அது’ என்னாமல் ‘அஃது’ என வந்தமைக்குக் காரணம் கூறுக.
3. சென்னைக்கு வந்த பொதியைத் திருப்பி அனுப்பியது சரியா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.
4. வீட்டிலோ பள்ளித் தோட்டத்திலோ உள்ள ஒரு சிலந்தியைத் தொடாமல் ஏழு நாள்கள் கவனித்து, கண்டவற்றை நாட்குறிப்பாக எழுதுக.