டிம்மர் போட்ட ஹாலஜன் மினுக்குகிறதா?

பூஜையறையில் 12 வோல்ட் ஹாலஜன் விளக்கை ஸ்மார்ட் டிம்மரில் இணைத்திருக்கிறீர்களா? மினுக்கினாலோ இரைந்தாலோ உடனே பல்பை மாற்றாதீர்கள். முதலில் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். கனமான இரும்பு வகைக்கு ‘லீடிங் எட்ஜ்’ டிம்மர். எடை குறைந்த எலெக்ட்ரானிக் வகைக்குப் பெரும்பாலும் ‘டிரெய்லிங் எட்ஜ்’. எந்த வகை என்று டிரான்ஸ்ஃபார்மர் மேலேயே பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். இந்தப் பொருத்தம் தப்பினால் எவ்வளவு விலையுயர்ந்த டிம்மரும் சரிவராது.

50 வாட் ஹாலஜனை எடுத்துவிட்டு 5 வாட் எல்இடி மாட்டியவர்களுக்கு வேறு சிக்கல்: டிரான்ஸ்ஃபார்மர் கேட்கும் குறைந்தபட்ச வாட் கிடைக்காமல் விளக்கு துடிக்கும். ஸ்மார்ட் டிம்மரின் வைஃபை இணைப்பு அடிக்கடி அறுந்தால் சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் வயர் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

பாதுகாப்புக்கு எர்த்தையும் கவனியுங்கள். கழுகுமலைப் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் வெடித்து எர்த் கம்பியை விட்டு விலகும். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். டிம்மரை அணைத்தாலும் அதற்குள் 230 வோல்ட் இருக்கும்; மெயினை அணைக்காமல் திறக்காதீர்கள்.