பழைய தோட்டாவில் புதிய பிரைமர்

கேள்வி: அமெரிக்காவில் சுட்டு முடித்த ஷாட்கன் தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறார்களாமே! பழைய தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் இன்றைய பிரைமர் நுழையாவிட்டால் என்ன செய்வார்கள்?

பதில்: ரெமிங்டன் நிறுவனத்தின் பழைய காகிதத் தோட்டாக்களில் 57 என்ற பிரைமர் இருந்தது. இன்று பொதுவாகிவிட்ட 209 அதைவிடப் பருமன். அதனால் வெறும் கூட்டில் பிரைமர் உட்காரும் குழியை ரீமர் என்ற துளைக்கருவியால் அகலப்படுத்தி 209-ஐப் பொருத்துவார்கள். அது அடித்தட்டோடு சமமாக உட்கார வேண்டும்; துருத்தி நின்றால் துப்பாக்கியை மூடும்போதே வெடிக்கக்கூடும். தளர்ந்திருந்தால் சூடான வாயு பின்பக்கம், சுடுபவர் முகத்தை நோக்கிப் பீறிடும்.

பலரும் கோட்டைவிடுவது குழியில் அல்ல, மருந்தின் அளவில். பிரைமர் மாறினால் மருந்து எரியும் வேகமும் குழலுக்குள் அழுத்தமும் மாறும். 209 என்று ஒரே எண் போட்டிருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வீரியம் வேறு. எனவேதான் வெடிமருந்து நிறுவனங்களின் அட்டவணைகள் கூடு, பிரைமர், வாட் (மருந்துக்கும் குண்டுகளுக்கும் நடுவே வைக்கும் அடைப்பு), ஈயக்குண்டின் எடை எல்லாவற்றையும் பெயரோடு குறிப்பிடுகின்றன. 57-க்கான பழைய கணக்கை 209-க்கு அப்படியே எடுத்தாளவே கூடாது.

என்னைக் கேட்டால், அந்தக் காகிதக் கூடுகளைச் சேகரிப்பில் வைத்துவிட்டு, 209-க்கென்றே செய்த பிளாஸ்டிக் கூடுகளை நிரப்புவதே சரி.