தாத்தா எங்கே என்று குழந்தை கேட்டால்

வண்ணார்பேட்டைப் பேராத்துச்செல்வி அம்மன் கோயிலுக்குத் தாத்தாவின் விரலைப் பிடித்துச் சென்று பழகிய குழந்தை, அவர் காலமானபின் 'தாத்தா எங்கே?' என்று வினவுகையில், 'தூங்குகிறார்' என்றோ 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்றோ சமாதானம் சொல்லற்க. சொன்னதைச் சொன்னபடியே நம்பும் இளம்பிராயத்தில், முன்னது உறங்குவதற்கே அச்சத்தையும், பின்னது வாசலையே நோக்கும் ஏக்கத்தையும் விளைவிக்கக்கூடும்.

'தாத்தா இறந்துவிட்டார், இனி அவருக்குப் பசியோ வலியோ இல்லை, திரும்பி வரமாட்டார்' என்று மடியில் இருத்தி மெதுவாகச் சொல்லுங்கள். மறுநாளும் அதே கேள்வி வரும். சலியாமல் அதே விடையைக் கூறுங்கள்.

ஆடி அமாவாசையன்று தாமிரபரணிப் படித்துறையில் தர்ப்பணம் செய்யும்போது, எள்ளும் நீரும் யாரை நினைந்து விடப்படுகின்றன என்பதைக் குழந்தையை அருகே நிறுத்தி விளக்குவது உத்தமம். ஆச்சியின் கண்ணீரைக் குழந்தையிடமிருந்து மறைக்க வேண்டியதில்லை. அவருக்கு ஆலோசனை தேவையெனில், முதியோருக்கான 14567 என்ற இலவசத் தொலைபேசி எண் உண்டு.