டபுள் பாஸின் நாதத்தைப் பற்றிச் சில நம்பிக்கைகள்

மேல்நாட்டு வாத்தியக் குழுவில் எல்லாருக்கும் பின்னால் நின்று, ஏனைய நாதங்கள் அனைத்தையும் தன்மேல் தாங்கிக்கொள்ளும் டபுள் பாஸின் தராதரத்தை நிச்சயிக்க வருகிறவர்கள், காதைக் கேட்பதற்கு முன்பே கண்ணையும், கண்ணைக் கேட்பதற்கு முன்பே கீர்த்தியையும் கேட்டுவிடுகிறார்கள். பழமையான வாத்தியமே சுநாதமுடையது, அதிலும் இத்தாலிய ஆசான் ஒருவரின் பெயர் அதற்கு இருக்குமானால் சந்தேகத்துக்கே இடமில்லை என்பது இவ்வகை நம்பிக்கைகளுள் முதன்மையானது.

இதற்கு நேர்ந்த சோதனை ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாஸ்டன் ஸிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை 1924 முதல் 1949 வரை நடத்திய செர்ஜ் கூஸெவிட்ஸ்கி, அதற்கு வெகுகாலம் முன்பே டபுள் பாஸ் வித்வானாகப் பிரசித்தி பெற்றிருந்தவர். அவரிடமிருந்த வாத்தியம், கிரெமோனா நகரத்து அமாதி சகோதரர்கள் 1611-இல் செய்தது என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அவர் காலமான பின், காரி கார் என்னும் இளைஞரின் வாசிப்பைக் கேட்ட கூஸெவிட்ஸ்கியின் மனைவி ஓல்கா, 1962-இல் அதை அந்த இளைஞருக்கே அளித்துவிட்டார். காரும் பல ஆண்டுகள் அதை வாசித்து, பக்க பலமாக மட்டுமே நின்றுவந்த ஒரு வாத்தியத்துக்குத் தனிக் கச்சேரி செய்யும் அந்தஸ்து உண்டு என்பதைக் கேட்டவர் மனத்தில் பதியச் செய்தார். ஆனால், மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் ஆராய்ச்சியாளர்கள் அதன் முகப்புப் பலகையைப் பரிசோதித்து 2005-இல் வெளியிட்ட முடிவின்படி, அப்பலகையின் கடைசி வளையம் 1761-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதாவது, அமாதி சகோதரர்கள் இருவரும் மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் சென்ற பிறகும் அந்த மரம் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. பெயர் போயிற்று; காலமும் ஒன்றரை நூற்றாண்டு பின்னுக்கு வந்தது. காரின் இசைத்தட்டுகளில் ஒலிக்கும் அந்தக் கனிந்த நாதமோ, பெயரை நம்பியிருந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது.

இதனால் பழைய வாத்தியங்களெல்லாம் சாமானியமானவை என்று நான் சொல்ல வரவில்லை. வெனிஸ் நகரத்து டிராகொனெட்டி வாசித்த, காஸ்பரோ த ஸாலோவின் கைவண்ணமான டபுள் பாஸைப் போன்ற உத்தமமான படைப்புகள் உண்மையிலேயே உள்ளன. ஆயினும், மட்டமானவை எவராலும் பேணப்படாமல் அழிந்துபோக, நல்லவையே பெரும்பாலும் எஞ்சி நம் கைக்கு வந்திருக்கின்றன என்பதையும், எஞ்சியவற்றுள்ளும் பல, மூன்று தந்தியிலிருந்து நான்கு தந்திக்கு மாற்றப்பட்டும், கழுத்து புதுப்பிக்கப்பட்டும், கூடு வெட்டிச் சிறிதாக்கப்பட்டும் பல தலைமுறைக் கைகளைக் கடந்தவை என்பதையும் மறத்தலாகாது. வயலின்களைக் கொண்டு 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த பரீட்சையில், கருப்புக் கண்ணாடி அணிந்து வாசித்த 21 கலைஞர்களுள் பெரும்பாலோர், இத்தாலிய ஆசான் ஸ்ட்ராடிவாரி செய்தது எது, புதிது எது என்று பிரித்தறிய இயலாமல் நின்றனர். டபுள் பாஸ் அந்தப் பரீட்சையில் இடம்பெறவில்லை. ஆனால் காதின் இயல்பு ஒன்றேயல்லவா?

அடுத்தது, உடல் பெருத்தால் நாதம் ஆழமாகும் என்னும் நம்பிக்கை. 'முக்கால் அளவு' என்ற பெயரைக் கேட்டதுமே அது சிறுவர்க்கானது என்று எண்ணுவோர் உளர். உண்மையில் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் வாசிக்கப்படுவதே பெரும்பாலும் அந்த அளவுதான், முழு அளவு என்பதே அபூர்வம். பாரிஸ் நகரத்து வாத்தியச் சிற்பி வியோம், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் மத்தியில் மூன்றரை மீட்டர் உயரத்துக்கு 'ஆக்டோபாஸ்' என்றொரு பிரம்மாண்டத்தை உருவாக்கினார். பெர்லியோஸ் என்னும் இசை மேதையே அதைப் பாராட்டியும் அது வழக்கில் நிலைபெறவில்லை. டபுள் பாஸின் அடித்தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. கூட்டினுள் அடைபட்ட காற்றோ, சாதாரணமாக 60 அதிர்வை ஒட்டிய இடத்தில்தான் தந்திக்கு இணங்கி நன்கு முழங்குகிறது. ஆகவே அந்த அடிநாதத்தை வாத்தியம் பலமாக வெளியிடுவதே இல்லை. 82, 123 என்று அதன் மேலெழும் ஸ்வயம்பு ஸ்வரங்களைக் கேட்டு, இல்லாத அடித்தளத்தை நம் செவியும் மனமும் சேர்ந்து கற்பித்துக்கொள்கின்றன. ஆழம் என்று நாம் அனுபவிப்பது பெருமளவுக்கு அந்த மேல் ஸ்வரங்களின் ஒழுங்கே.

ஒட்டுப்பலகையால் செய்தது பயனற்றது என்பதும் பாதி உண்மைதான். முழு மரத்தில் செதுக்கிய ஸ்ப்ரூஸ் முகப்பு வில்லுக்கு இணங்குவதுபோல் ஒட்டுப்பலகை இணங்குவதில்லை. ஆனால் விரலால் மீட்டும் இசைக்கு அதன் திண்ணென்ற குறுகிய ஒலி மிகவும் பொருந்தும். எல்விஸ் பிரெஸ்லியின் தொடக்க கால இசைத்தட்டுகளில் பில் பிளாக் வாசித்தது சிகாகோவின் கே கம்பெனி செய்த அத்தகைய வாத்தியமே.

இவை யாவற்றையும்விட அதிகமாக மனிதரை ஏமாற்றுவது, வாசிக்கும்போது தம் காதில் விழுவதே வாத்தியத்தின் நாதம் என்னும் எண்ணம். நான்கு மீட்டர் நீளமுள்ள அறை, வினாடிக்குச் சுமார் 43 அதிர்வுள்ள ஒலியைச் சுவருக்குச் சுவர் மோதவிட்டுத் தானாகவே பெருக்கிவிடும். அது அடித்தந்தியின் சுருதியை ஏறத்தாழ ஒட்டியதாதலால், கடையின் சிறு அறையில் கம்பீரமாக முழங்கியது வாத்தியமா அறையா என்று சொல்ல முடியாது. தந்தியும் அவ்வாறே: குடல்நரம்புத் தந்தி உருண்டு திரண்ட ஒலியை எழுப்பி விரைவில் அடங்கும், எஃகுத் தந்தியோ நீண்ட கார்வையும் தெளிவும் தரும், தந்திகளைத் தாங்கும் குதிரையையும், கூட்டினுள் நிற்கும் சிறு மரத்தூணையும் சிறிதளவு நகர்த்தினாலே குணம் வேறாகிவிடும். எனவே இரண்டு வாத்தியங்களை ஒப்பிட விரும்புவோர், இரண்டுக்கும் ஒரே தந்தியைப் பூட்டி, ஒரே வில்லை ஒருவர் கையிலேயே கொடுத்து, விசாலமான மண்டபத்தில் வாசிக்கச் செய்து, தாம் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பதே நியாயம். பக்கத்தில் பெருத்து ஒலித்தது அங்கே மங்கிப் போவதையும், பக்கத்தில் கரகரப்பாகத் தோன்றியது அந்த மேல் ஸ்வரங்களின் பலத்தால் மற்ற வாத்தியங்களின் நடுவே ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து தெரியும்படி ஒலிப்பதையும் அப்போது அவர்கள் கேட்பார்கள்.